ரோலர் ஷெட் ஹேமாவதி

காலை முதல் பாடவேளை. எங்கள் கல்லூரியின் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் டீசல் எஞ்சினை ஓடவிட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. சட்டைப் பையில் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். சிம்மக்கல்லில் கார் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் காதர் பாய். ஓயாமல் பேசக்கூடிய மனிதர். அன்று மூன்றே வாக்கியம்தான் பேசினார்.

"சார், மேடம் மவுத்தாயிட்டாங்க. ரகு சார் இப்பத்தான் போன் பண்ணுனாரு. நீங்க எங்க இருக்கீக?"

"காலேஜ்ல. வாரேன் பாய்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உள்ளே போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஏதோ கோளாறு என்று நினைத்து மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஹேமாவதி மேடம் இறந்துட்டாங்க" என்றேன். அவர்களில் யாரும் அவரிடம் படித்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் பெயர் தெரிந்திருந்தது. அவருடைய ரோலர் ஷெட்டுக்கு ஒருமுறையாவது போகாத மெக்கானிக்கல் மாணவன் எங்கள் பக்கம் கிடையாது.

மகால் பக்கம் ஒரு குறுகிய தெருவில் அவர்கள் வீடு. நான் போனபோது உறவுக்காரப் பெண்கள் உள்ளே சௌராஷ்டிர மொழியில் அழுதுகொண்டிருந்தார்கள். தெரு முழுக்க மதுரையின் மெக்கானிக்குகள் நின்றார்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள். கையில் கிரீஸ் கூடச் சரியாகப் போகவில்லை. எதிர்வீட்டுச் சுவரோரம் காதர் பாயும், பழங்காநத்தம் சரவணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். ஒருவர் குடித்து மீதி வைத்த தண்ணீர் பாட்டிலை மற்றவர் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலத்தில் இந்த இருவரும் ஒரே தெருவில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஹேமாவதியும் நானும் ஒரே துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தோம். எங்கள் இருவர் மேசையும் அடுத்தடுத்து இருந்தன. அவர் என்னை 'சுந்தரம் சார்' என்பார். நான் 'மேடம்' என்பேன். கல்லூரி ஆசிரியர்களுக்கிடையே அதற்கு மேல் நெருக்கமாக அழைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் தலைமுறையில் இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டில் அவர் கொண்டுவரும் முள்முருங்கை வடையில் பாதி எனக்கு என்பது எழுதாத ஒப்பந்தம்.

ஒருநாள் அந்த வடையை நீட்டிக்கொண்டே, "வேலையை விட்டுரலாம்னு இருக்கேன் சார்" என்றார். வேறு கல்லூரியா என்று கேட்டேன். இல்லை, காரின் சக்தியை அளக்கிற ரோலர் ஒன்று கோயம்புத்தூரில் பழையதாக விலைக்கு வருகிறது, அதை வாங்கித் திருமங்கலம் தாண்டி டி. கல்லுப்பட்டி போகும் வழியில் வைக்கப்போவதாகச் சொன்னார். அவருடைய கணவர் ரகுநாத் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர், சாது. "அவர் என்ன சொல்றாரு?" என்றேன். "மழை பெஞ்சா அங்க போக ரோடு இருக்கான்னு மட்டும் கேட்டாரு" என்றார்.

ரோலரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தரைக்குள் பள்ளம் தோண்டி, அதில் இரண்டு கனமான இரும்பு உருளைகளைப் பதித்திருப்பார்கள். காரின் எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ, அந்தச் சக்கரங்களை உருளைகள்மேல் நிறுத்தி, கார் பாய்ந்துவிடாமல் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டுவார்கள். ஆள் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் நகராது, உருளைகள் சுற்றும். எவ்வளவு வேகமாக அவற்றைச் சுற்ற வைக்கிறது என்பதிலிருந்து சக்கரத்தில் எத்தனை குதிரைத்திறன் இருக்கிறது என்று கணினி சொல்லும்.

அந்த உருளைகளைப் பதிக்க அவர் பட்ட பாடு தனிக்கதை. அந்தப் பக்கம் கரிசல் மண். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். முதல் மழைக்கே கான்கிரீட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உருளை சரிந்து, பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நான் போய்ப் பார்த்தபோது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார். ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "இன்னும் ஆழமாத் தோண்டி, கரிசலை எல்லாம் எடுத்துட்டு கிராவல் அடிக்கணும் சார். மேல மேல பார்த்துட்டு ஆரம்பிச்சுட்டேன்" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். மறுபடி தோண்டினார். இரண்டாவது முறை போட்ட அடித்தளம் இன்றுவரை அசையவில்லை.

ஷெட் ஓட ஆரம்பித்ததும் இளைஞர்கள் வந்தார்கள். எஞ்சினில் மாற்றங்கள் செய்துகொண்டவர்கள், கொடைக்கானல் மலைப்பாதையில் வேகமாக ஏறிக் காட்ட ஆசைப்பட்டவர்கள், வெறுமனே தங்கள் வண்டியின் எண் என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி முகம் சுருங்கித்தான் திரும்பினார்கள். கார் கம்பெனி புத்தகத்தில் ஓர் எண் போட்டிருக்கும், ரோலர் அதைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். கம்பெனி எஞ்சினைத் தனியாக வைத்து, அது சுற்றும் தண்டிலேயே அளக்கிறது. ரோலர் அளப்பது டயரில். நடுவில் கியர் பாக்ஸ், ஆக்ஸில், டயர் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுற்றுவதற்குத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இதை வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் அவர் சொல்லுவார். பாதிப்பேர் கேட்பார்கள்.

"பதினஞ்சு பர்சன்ட் கூட்டிக்கிட்டா எஞ்சின் கணக்கு வந்துரும்ல மேடம்? பொதுவா அப்படித்தான சொல்றாங்க?" என்று ஒருவர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"பொதுவான்னு ஒரு வண்டி ரோட்டுல ஓடலை தம்பி. உன் வண்டிக்கு என்னன்னுதான் எனக்குச் சொல்லத் தெரியணும். கூட்டிச் சொல்றதுக்கு நான் எதுக்கு?" என்றார் ஹேமாவதி.

சரவணன் வந்தது அப்படி ஒரு கூட்டமான நாளில். பழங்காநத்தத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். கார்களைப் பற்றி வீடியோ எடுத்து இணையத்தில் போடுவான், அதைப் பார்க்க நிறையப் பேர் இருந்தார்கள். பழைய பெட்ரோல் கார் ஒன்றை ஆசை ஆசையாய் வாங்கி, அதன் எஞ்சினை முழுக்கப் பிரித்துப் புதிதுபோல் ஆக்கித்தரச் சொல்லிக் காதர் பாயிடம் கொடுத்திருந்தான். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. முடிந்து வந்த வண்டி அவன் நினைத்த மாதிரி இழுக்கவில்லை. ரோலரில் ஏற்றினான். புத்தகத்தில் எண்பத்தெட்டு குதிரைத்திறன். ரோலர் காட்டியது அறுபத்தாறு.

அன்று வரிசையில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. ஹேமாவதி எண்ணைச் சொல்லி, சக்கரத்தில் குறைவாகத்தான் வரும் என்றும் சொன்னார். அதற்குள் அடுத்த வண்டி உறுமியது. சரவணன் காதில் எண் மட்டும்தான் விழுந்தது.

அன்று மாலையே வீடியோ போட்டுவிட்டான். சிம்மக்கல் மெக்கானிக் ஒருவர் பழைய பாகங்களையே திரும்பப் போட்டு ஏமாற்றிவிட்டார், ரோலர் எண் இதோ சாட்சி என்று. பெயர் சொல்லவில்லை. ஆனால் கடை வாசல் தெரிந்தது. மதுரையில் அது போதும்.

காதர் பாய் கடையில் அவரையும் சேர்த்து நான்கு பேருக்கு வேலை இருந்தது. அடுத்த வாரங்களில் வண்டிகள் குறைந்தன. வேலைக்கு விட்டிருந்த வண்டியைக்கூட ஒருவர் பாதியில் கட்டி இழுத்துக்கொண்டு போனார். கடையை மூடிவிட்டு வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போகலாமா என்று காதர் பாய் யாரிடமோ விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். ஹேமாவதியிடம் அதைச் சொன்னது நான்தான். 

"எண்ணைக் கொடுத்தது நான் சார்" என்றார். "அது என்ன எண்ணுன்னு அவன் மனசுல ஏறுற மாதிரிச் சொல்லியிருக்கணும். எண்ணை மட்டும் கையில கொடுத்து அனுப்புறது, ஆளைப் பாதி வழியில இறக்கி விடுற மாதிரி."

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு முதலில் சிம்மக்கல் போனார். கடை வெறிச்சோடியிருந்தது. காதர் பாய் எழுந்து நின்று சேர் போட்டார். நல்லது சொல்லத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

"பாய், அந்த எஞ்சினைத் தனியா இறக்கி எங்க காலேஜ் சோதனை மேடையில வச்சு அளப்போம். எல்லாரும் பார்க்க. சம்மதமா?" என்று கேட்டார் ஹேமாவதி.

"தாராளமா மேடம்."

"அவசரப்படாதீங்க. குறைவா வந்தா குறைவுன்னு சொல்லுவேன். உங்களுக்காகக் கூட்டிச் சொல்ல மாட்டேன்."

காதர் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். "சொல்லுங்க. நான் போட்ட சாமான் எனக்குத் தெரியும். தப்பு இருந்தா அதுவும் எனக்குத் தெரியணும்ல."

அங்கிருந்து பழங்காநத்தம். சரவணன் கடையில் கூட்டம். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான்.

"வீடியோவை எடுக்கச் சொல்ல வந்தீங்களா? மிஷின் பொய் சொல்லுமா மேடம்? நீங்க கொடுத்த நம்பர்தான அது?"

"மிஷின் பொய் சொல்லலை. நான் கொடுத்த நம்பர்தான். வீடியோவை எடுக்கச் சொல்லவும் நான் வரலை" என்றார் ஹேமாவதி. அவர் குரல் உயரவில்லை. "உன் வண்டி இழுக்கலைன்னு சொன்னேல்ல, அது உண்மையாத்தான் இருக்கும். ஓட்டுறவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ஏன் இழுக்கலைன்னு கண்டுபிடிக்க வேண்டாமா?"

சரவணன் அதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். எஞ்சினைத் தனியாக அளப்பதைப் பற்றி அவர் விளக்கியதும், "நான் முழுசா வீடியோ எடுப்பேன்" என்றான்.

"எடு. வெட்டாமப் போடணும். என்ன வந்தாலும் போடணும். என் கண்டிஷன் அது ஒண்ணுதான்."

முதல்வரிடம் அனுமதி வாங்கும் வேலை எனக்கு. சனிக்கிழமை காதர் பாயும் அவருடைய ஆட்களும் எஞ்சினைக் காரிலிருந்து இறக்கி, அதன் வயர்களோடும் கம்ப்யூட்டர் பெட்டியோடும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மேடையில் பொருத்தவே அன்று பொழுது போய்விட்டது. ஞாயிறு காலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிற்க இடமில்லை. ஊர் மெக்கானிக்குகள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். சிலர் காதர் பாய்க்காக வந்தவர்கள். சிலர் அவர் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வந்தவர்கள். சரவணன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி அளவுமானியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தான்.

எஞ்சினை வெகுநேரம் மெதுவாக ஓடவிட்டு சூடேற்றினார் ஹேமாவதி. அவசரப்படுத்தியவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு எஞ்சின் இழுக்க வேண்டிய சுமையை ஏற்றி, முழு ஆக்ஸிலேட்டரில் அளவெடுத்தார். எனக்கு எண் தெரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி எடுத்தார். இன்னொரு முறையும் எடுத்தார். காதர் பாய் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே தெரிந்திருக்கும், இருந்தாலும் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"எண்பத்தஞ்சு" என்றார் ஹேமாவதி. "மூணு தடவையும் கிட்டத்தட்ட அதேதான். பழைய வண்டி. புத்தகத்துக்கு மூணு கம்மி. இது நல்ல எஞ்சின்."

கைதட்டல் எழுந்தது. காதர் பாய் முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சரவணனைப் பார்த்து, "இப்ப என்ன சொல்லப்போற மாப்ள?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவன் காது சிவந்துபோய் நின்றான். ஆனால் கேமராவை அணைக்கவில்லை.

"அப்ப பத்தொம்பது குதிரை எங்க மேடம் போச்சு?" என்று கேட்டான். ஏறக்குறைய அழுகிற குரல்.

அதற்கும் சிரிப்பு எழுந்தது. ஹேமாவதி கையைக் காட்டி அடக்கினார். "சிரிக்காதீங்க. அவன் சரியாத்தான் கேக்குறான். வழியில கொஞ்சம் போகும், ஆனா இம்புட்டு போகக் கூடாது. இன்னும் வேலை முடியலை."

அந்த இடத்தில் முடித்திருந்தால் காதர் பாய் ஜெயித்திருப்பார், சரவணன் தோற்றிருப்பான். ஊருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கூட்டத்தில் பாதி அங்கேயே கலைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு எஞ்சினைத் திரும்ப ஏற்றிய கார் ரோலர் ஷெட்டுக்கு வந்தது. இம்முறை ஐந்தாறு பேர்தான். ஹேமாவதி சரவணனையே ஓட்டும் சீட்டில் உட்கார வைத்தார். வேகம் ஏற்றிவிட்டு, கிளட்சை மிதித்தபடியே இருக்கச் சொன்னார். எஞ்சின் பிடி இல்லாமல் சக்கரமும் உருளையும் தானாகச் சுற்றி மெல்ல மெல்ல நிற்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ, அவ்வளவு இழுவை வழியில் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். உருளைகள் பிடித்து நிறுத்தியதுபோல் நின்றன. மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அப்படியே.

அவர் குனிந்து முன்சக்கரங்களின் பக்கம் கையைக் கொண்டுபோனார். இடது பக்கம் சூடு தாங்காமல் கையை உடனே இழுத்துக்கொண்டார். "பாய், இங்க வாங்க."

காதர் பாய் வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். எளிதில் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால், எஞ்சின் வேலைக்காக வண்டி மாதக்கணக்கில் நின்றதில் அந்தச் சக்கரத்தின் பிரேக் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. காலை பிரேக்கிலிருந்து எடுத்த பிறகும் அது சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது.

காதர் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எஞ்சினையே பார்த்துக்கிட்டு இருந்தேன் மேடம். வண்டியைப் பார்க்கலை."

சரவணனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "எனக்கும் ஒரு தீய்ஞ்ச வாடை வந்துச்சு பாய். புது எஞ்சின்னா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்."

ஹேமாவதி கேமராவைப் பார்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான். "அன்னைக்கே நான் இந்தச் சோதனையைப் பண்ணியிருக்கணும். வண்டிக நிறைய நின்னுச்சுன்னு பண்ணலை. அதனால ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்றார். சரவணன் அதையும் வெட்டாமல் போட்டான்.

பிரேக்கைச் சரிசெய்து, டயரில் காற்றைச் சரிபார்த்து மறுபடி ஓட்டியபோது ரோலர் எழுபத்தைந்து காட்டியது. "மிச்சம் பத்து?" என்றான் சரவணன், இப்போது சிரித்துக்கொண்டே.

"அது கியர் பாக்ஸும் டயரும் எடுத்துக்கிட்டது. அதுகளும் உனக்காகத்தான வேலை பார்க்குது" என்றார் ஹேமாவதி.

புதிய வீடியோவில் சரவணன் முதலில் காதர் பாயிடம் மன்னிப்புக் கேட்டான். அவன் முடிப்பதற்குள் பாய் நடுவில் புகுந்து பிரேக் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அது நீண்டுகொண்டே போனது. முதல் வீடியோவைப் பார்த்தவர்களைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம். கடைக்கு வண்டிகள் திரும்பி வந்தன. பழைய ஆட்களோடு பாய் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டார். பிறகு சரவணன் வாரத்தில் சில நாள் ரோலர் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தான். கணினியை அவன் பார்த்துக்கொள்ள, வந்தவர்களிடம் பேசும் வேலையை ஹேமாவதி வைத்துக்கொண்டார். கடைசி இரண்டு ஆண்டுகளில் இருவரும் கூட்டாகவே நடத்தினார்கள்.

அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்குச் சிறுநீரகத் தொந்தரவு இருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஷெட்டுக்கு வந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்க்கப் போனேன். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கொஞ்சம் அதிகம் என்று சொன்னார். "இப்பத்தான் மாடி ஏறி வந்தேம்மா. பத்து நிமிஷம் உக்கார்றேன், அப்புறம் பாரு" என்றார் ஹேமாவதி. உட்கார்ந்தார். அந்த நர்ஸ் பெண்ணின் ஊர், படிப்பு, அண்ணன் கல்யாணம் எல்லாவற்றையும் விசாரித்தார். மறுபடி பார்த்தபோது குறைந்திருந்தது. ரகுநாத் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுலயும் இதே கதைதான். காய்ச்சல்னு சொன்னா தெர்மாமீட்டரை ரெண்டு தடவை வைக்கணும்."

காரியம் முடிந்து அடுத்த வாரம் நான் ஷெட்டுக்குப் போனேன். மூடியிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். திறந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் இருந்து ஒருவர், பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்சார மோட்டார் வைத்த வேனோடு வந்திருந்தார். மோட்டார் விற்றவர்கள் சொன்ன எண் சக்கரத்தில் வரவில்லை என்று அவருக்கு வருத்தம். சரவணன் அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. அவன் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சு முடிந்து வேன்காரர் எழுந்து, "அப்ப அடுத்து மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கிற அந்தச் செயினைப் பார்ப்போம்ங்கிறீங்க" என்று தானாகச் சொன்னபோதுதான் இவனும் எழுந்தான்.

ரோலர் அங்கே தொடரும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள். காதர் பாய் இப்போது எந்த வண்டியை எடுத்தாலும் முதலில் நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்கிறார். நான் எடுத்துக்கொண்டது, சந்தேகத்தோடு வருகிறவரை எதிராளியாகப் பார்க்காமல் இருக்கும் அந்தப் பழக்கம். பழங்காநத்தம் கடையில், அத்தனை பேர் முன்னால் தன்மேல் பாய்ந்தவனிடம், உன் வண்டி இழுக்கவில்லை என்பது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவர் சொன்னாரே, அந்த ஒரு வாக்கியம்.

சென்ற வாரம் ஒரு மாணவியின் தகப்பனார் என் அறைக்கு வந்தார். மேலூர்ப் பக்கம் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர். மகளுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது, வேண்டியவர்களுக்கு மட்டும் போடுகிறீர்களா என்று வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவரை உள்ளே வரச் சொல்லி, "மகள் நல்லாப் படிக்கிற பிள்ளைதான். ஏன் குறைஞ்சதுன்னு சேர்ந்தே பார்ப்போம்" என்றேன். மகளையும் கூப்பிட்டு மூவருமாக விடைத்தாளைப் பார்த்தோம். மதிப்பெண் சரியாகவே இருந்தது. அவள் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டிருந்தாள், அவளே அதைக் கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டினாள்.

அவர் விடைத்தாளை என் மேசையில் வைத்தார். பிறகு, "இவ படிக்கிற எஞ்சினை ஒரு தடவை பார்க்கலாமா சார்?" என்று கேட்டார்.

ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். மகளே எஞ்சினைக் கிளப்பி, சுமையை ஏற்றி, எங்கே பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்து அப்பாவுக்குக் காட்டினாள். சத்தத்தில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் எல்லாம் புரிந்தது போலிருந்தது. அளவுமானியில் முள் ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் கூட்டு என்று மகளுக்குக் கையைக் காட்டினார்.